கொழுந்து பறிப்பவரின் கண்ணும் தோட்ட நிறுவனத்தின் அறிவும்

நிறுவனங்கள் அறிவை எவ்வாறு உருவாக்குகின்றன என்ற வினாவுக்கு ஜப்பானிய அறிஞர்களான நொனாக்காவும் தாக்கேயுச்சியும் 1995இல் தந்த விடை இன்றும் செல்வாக்குடையது. தொழிலாளியின் கைப்பழக்கத்தில் உறைந்திருக்கும் அறிவு, கூடிப் பழகுவதால் பிறருக்குப் பரவி, சொல்லாகி, பின் நிறுவனத்தின் உடைமையாகிறது என்றனர். மட்சுஷிட்டா நிறுவனம் ரொட்டி இயந்திரத்தை வடிவமைத்தபோது அதன் மென்பொருள் வல்லுநர் ஒருவர், ஒசாக்கா ஓட்டலொன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் மாவு பிசையக் கற்றதை அதற்குச் சான்றாகக் காட்டினர். அங்கே கற்கச் சென்றவர் வல்லுநர். ஆனால் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அறிவு மேலிருந்து கீழே உத்தரவாகத்தான் வந்தது. 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட 'கூலி தமிழ்' போன்ற கையேடுகள் துரைமாருக்குத் தமிழ் கற்பித்தன; துரைமார் என்போர் தோட்ட நிர்வாகிகள். அந்தத் தமிழின் முதற்பயன் வேலை ஏவுவது.

இதனால் நேரும் இழப்பை அறிய, தேயிலையைப் பற்றும் கொப்புள நோயை எடுத்துக்கொள்வோம். இது 1946இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. 1925இல் நிறுவப்பட்டு, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு அது பெருஞ்சவாலாயிற்று. வெயிலும் மழையும் நோயின் போக்கை எவ்வாறு மாற்றுகின்றன என்று விசர், சண்முகநாதன், சபாநாயகம் மூவரும் 1961இல் ஆராய்ந்து எழுதினர். வெயில் நேரத்தைக் கணக்கிட்டு மருந்தடிக்கும் முறைக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. போற்றத்தக்க உழைப்பு அது. ஆயினும் வெயில்மானி ஒரு வட்டாரத்தின் வானிலையைத்தான் சொல்லும். எந்த மலையில், எந்த நிரையில் நோய் தொடங்கிவிட்டது என்பதை அது சொல்லாது.

அதை முதலில் காண்பவர் கொழுந்து பறிக்கும் பெண். நோய் பற்றுவது இளந்தளிரை. அவர் விரல் போவதும் அதே தளிருக்குத்தான். ஒளி ஊடுருவும் சிறு புள்ளியாகத் தொடங்கி, சில நாட்களில் மேற்புறம் குழிந்து அடிப்புறம் வெண்மையாகப் புடைக்கிறது. அதைக் கண்டவர் கங்காணியிடம் சொல்லலாம். கங்காணி வெளிக்கள உத்தியோகத்தரிடமும் அவர் சின்னத்துரையிடமும் சொல்ல வேண்டும். தமிழில் புறப்பட்ட செய்தி சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மாறும் வழியில் எங்கேனும் நின்றுவிட்டால் கேட்பாரில்லை.

தொழில்நுட்பம் இத்துறைக்கு வராமலில்லை; இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. நிறுவையில் குறைக்கிறார்கள் என்பது தொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு. அதற்கு இது ஓரளவு பரிகாரம் என்பதை மறுக்க முடியாது. கொழும்புத் தேயிலை ஏலமும் 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. ஆனால் தராசு எடையைப் பதிகிறது. பறித்தவர் கண்டதை அது பதியாது. செயற்கைக்கோள் படம் போதாதா என்று கேட்கலாம். கொப்புள நோய் பெருகுவது மலையை முகில் மூடும் ஈரக் காலத்தில். அந்நாட்களில் முகிலுக்கு மேலிருந்து எடுக்கும் படத்தில் தளிரின் புள்ளி எப்படித் தெரியும்?

நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று விதித்துவிட்டு, நின்று இலையைப் புரட்டிப் பார்க்கவில்லை என்று கொழுந்து பறிப்பவரைக் குறைசொல்வதும் நியாயமல்ல. கவனித்துச் சொல்வது ஒரு வேலை; அதற்கும் கூலி உண்டு என்று கம்பனிகள் ஏற்க வேண்டும். நிறுவை நேரத்தில் தமிழிலேயே பேசிப் பதியும் வசதி வேண்டும். பதிந்த செய்திக்கு என்ன செய்யப்பட்டது என்ற பதில் மறுநாள் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் அவருக்கு வரவேண்டும். கம்பனிகளுடனான அடுத்த பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.