எஃகு ஹார்ட்டெயில் சட்டகம்

எஃகு ஹார்ட்டெயில் சட்டகம் என்பது முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி கொண்ட மலை மிதிவண்டிக்குரிய எஃகுச் சட்டகம் ஆகும். பின்பக்கம் அதிர்வுதாங்கி இல்லாததால் விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு. 1977 இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஜோ பிரீசு மலைப்பாதைக்கெனவே உருவாக்கிய சட்டகமும் குரோமோலி எஃகினால் ஆனதே.

மூலப்பொருள்

மலிவான சட்டகங்கள் ஹை-டென் எனப்படும் எஃகினால் ஆனவை. இதன் வலிமை குறைவு என்பதால் குழாய்கள் தடிப்பாக அமைக்கப்படுகின்றன, எடை கூடுகிறது. 4130 குரோமோலி எஃகில் சுமார் 1% குரோமியமும் 0.2% மாலிப்டினமும் உள்ளன. வலிமை மிகுந்த இதற்கு மெல்லிய குழாய்களே போதும். சில சட்டகங்களில் முதன்மைக் குழாய்கள் மட்டுமே குரோமோலியாக இருக்கும்.

பொருத்த அளவுகள்

சட்டகம் மலிவாகக் கிடைத்தாலும், கைவசமுள்ள பாகங்கள் அதில் பொருந்தாவிடில் மொத்தச் செலவு உயரும்.

* தலைக்குழாய்: உள்விட்டம் 34 மி.மீ. எனில் 1⅛ அங்குல நேர்த்தண்டு கொண்ட முன்கவை (ஃபோர்க்) மட்டுமே பொருந்தும். 44 மி.மீ. எனில் உரிய கிண்ணங்களுடன் கூம்புத்தண்டு முன்கவையும் பொருந்தும்.
* பின்னச்சு: 135, 142, 148 மி.மீ. ஆகிய அகலங்கள் பரவலானவை. சக்கரம் இதற்கு ஒத்திருத்தல் வேண்டும்.
* முன்கவை நீளம்: சட்டகத்திற்கு வரையறுக்கப்பட்டதைவிட நீளமான முன்கவை, தலைக்குழாய் இணைப்பில் விசையைக் கூட்டும்.

பயன்படுத்திய சட்டகம்

கீழ்க்குழாய் தலைக்குழாயுடன் சேருமிடத்தின் அடியில் வண்ணப்பூச்சு சுருங்கியோ குழாய் புடைத்தோ இருப்பின், அது முன்மோதலின் அறிகுறியாகலாம். பற்றவைப்புகளில் வெடிப்பு, குழாய்களின் உட்புறத் துரு, அசையாது இறுகிய இருக்கைத்தண்டு ஆகியவற்றையும் சோதித்தல் வேண்டும். மேற்பரப்புத் துருவைத் தேய்த்து நீக்கலாம். வெடிப்புள்ள சட்டகத்தில் பயணிப்பது ஆபத்தானது.