பிரேதத் துணியின் கணக்கு

ஸ்காட்லாந்து தேசத்திலிருந்து கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறிப் போனவர்களின் சந்ததியார், தம் மூதாதையரின் ஊரைத் தேடி அங்கே வந்து இறங்கும்போது, முதலில் நாடிச் செல்வது கிராமத் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டைத்தான். பாசி படர்ந்த கற்களைக் கண்டதும், குலத்தின் சரித்திரம் முழுவதும் அங்கேயே எழுதிக் கிடப்பதாக அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் கல் நாட்டும் பாக்கியம் வாய்த்தவர்கள் பெரும்பாலும் நிலபுலம் உடையவர்களும், கைத்தொழிலில் தேர்ந்து நாலு காசு சேர்த்தவர்களுமே. ஏனையோர் கல்லும் பெயருமின்றி மண்ணோடு கலந்தார்கள். ஆகவே கல்லை விட்டு ஏட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஏட்டிலும் அவர்கள் எளிதில் அகப்படுவதில்லை. 1560-ஆம் ஆண்டில் சமயச் சீர்திருத்தக்காரரான ஜான் நாக்ஸும் அவருடைய சகாக்களும் ரோமாபுரிச் சபையினின்று நாட்டை விலக்கியபோது, இறந்தோருக்காகச் செய்யும் ஜெபங்களை மூடபக்தியென்று தள்ளியதோடு, அடக்கத்தின்போது பாட்டும் வாசிப்பும்கூட வேண்டாமென்று தம் ஒழுங்கு நூலில் எழுதிவைத்தார்கள். ஞானஸ்நானம் சபையின் சடங்கு; விவாகம் சபையறிய நடக்க வேண்டிய காரியம்; மரணத்திலோ சபை செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பெர்த்ஷயரைச் சேர்ந்த எரல் என்னும் ஊரின் ஏடு 1553-லேயே தொடங்கி ஞானஸ்நானங்களையும் விவாக அறிவிப்புகளையும் குறித்துவந்திருக்க, 1616-ல் அரசரின் ஆலோசனைச் சபை மூன்றையும் பதியும்படி ஆணையிட்ட பின்னருங்கூட, பாரிஷ் எனப்படும் சுமார் 900 திருச்சபை வட்டாரங்களில் பலவற்றில் அடக்கப் பதிவேடு என்ற ஒன்றே இல்லாமற் போயிற்று.

சமயம் மறந்துவிட்ட பெயர்களை வாடகைக் கணக்கு காப்பாற்றி வைத்திருக்கிறது. சவப்பெட்டியின்மேல் விரிப்பதற்காக மார்ட்கிளாத் எனப்படும் கறுப்புத் துணியொன்றைப் பாரிஷின் மூப்பர் குழு வாங்கிவைத்து, வேண்டியவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்து, வந்த பணத்தை ஏழைகளின் நிதியில் சேர்த்தது. வசதியுள்ள சபைகளில் உயர்ந்த வெல்வெட்டில் ஒன்று, சாதாரணமானது ஒன்று, குழந்தைகளுக்குச் சிறியதாய் ஒன்று என்று தரம் பிரித்திருந்தார்கள். கட்டணமும் தரத்துக்குத் தக்கபடியே இருந்தது. பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியராகவே இருந்த சபைக் கணக்கர், தொகையையும் தேதியையும் எழுதி, 'இன்னாருடைய மனைவிக்கு', 'இன்னாருடைய குழந்தைக்கு' என்று பல சமயம் இறந்தவரின் பெயரைக்கூடச் சொல்லாமல் வரியை முடித்துவிடுவார். அவர் கவலை வரவைப் பற்றியது. இருநூறு வருஷம் கழித்து ஒரு கொள்ளுப்பேரன் வந்து புரட்டுவான் என்று அவர் கண்டாரா?

எனவே இந்தக் கணக்கைப் படிப்பதற்குச் சிறிது சாமர்த்தியம் வேண்டும். அதிலுள்ள தேதி பணம் கட்டிய நாளாக இருக்கலாம், மரித்த நாளாக இராது. நெசவாளர், கொல்லர் முதலிய தொழிற்சங்கத்தார் சில ஊர்களில் தமக்கெனத் தனித் துணி வைத்திருந்தபடியால், ஒரு நெசவாளியின் பெயர் மூப்பர்களின் கணக்கில் இல்லையென்பதைக் கொண்டு அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிடலாகாது. துணியே இல்லாமல் கொண்டுபோகப்பட்ட பரம ஏழைகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. போதாக்குறைக்கு 1783-ல் அரசாங்கம் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்தது. ஏழைகளுக்கு விலக்கு இருந்ததேனும், மற்றவர்களில் பலர் பதிவையே தவிர்த்தார்கள். 1794-ல்தான் அந்த வரி ஒழிந்தது.

பிணந்திருடர்களுக்கு அஞ்சிக் கல்லறைமேல் பூட்டிய இரும்புக் கூண்டுகளைப் பற்றிப் பேசாத யாத்திரிகர் இல்லை. வம்சாவளி தேடுவோருக்கு அவற்றைவிட, தேய்ந்துபோன கற்களே உபகாரமானவை. அந்நாட்டு வழக்கப்படி, மணமான பெண்ணையும் அவள் பிறந்த குடும்பப் பெயராலேயே கல்லில் பொறித்தார்கள். அதனால் தாய்வழியும் துலங்குகிறது. எழுத்து அழிந்தாலும் உழவனுக்குக் கொழுவும், நெசவாளிக்கு நாடாவும், கொல்லனுக்கு முடிசூடிய சுத்தியலும் மிஞ்சி நிற்கும். கடல் கடந்து மாண்ட மைந்தர்களின் பெயரைப் பெற்றோரின் கல்லிலேயே சேர்ப்பதும் உண்டு. உடல் இருப்பதோ வேறெங்கோ. இலங்கை லூல்கந்துரையில் 1867-ல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டன்ஷயரில் பிறந்தவர். 1892-ல் அவரை அடக்கம் செய்தது கண்டியில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்களின் பழைய இடுகாடுகள் நிரம்பி வழியவே, நூதனமான கல்லறைத் தோட்டங்கள் தோன்றின. 1833-ல் திறக்கப்பட்ட கிளாஸ்கோ நெக்ரோபொலிஸில் சுமார் 50,000 பேர் அடக்கமாகியிருக்க, நினைவுச் சின்னங்களோ 3,500 அளவே. ஆயினும் லேயர் என்று சொல்லும் குழியிடத்தை விலைக்கு விற்ற இத்தகைய நிர்வாகங்கள், வாங்கியவர் யார், அதில் யார் யாரை வைத்தார்கள் என்று புத்தகம் எழுதிவந்தன. இங்கும் பணமே பெயரைக் காத்தது.

1855 ஜனவரி முதல் தேதியிலிருந்து மரணங்களைப் பதியும் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. அந்த முதல் வருஷத்தின் மரணப் பதிவைப் போல விரிவானது வேறில்லை: பெற்றோர், பிறந்த ஊர், மனைவி அல்லது கணவன், மக்களின் பெயரும் வயதும், அடக்கம் செய்த இடம் என எல்லாம் அதில் உண்டு. இவ்வளவையும் கேட்டு எழுதுவது பெரும் பாரமென்று கண்டு மறு வருஷமே பலவற்றை நீக்கிவிட்டார்கள். இடுகாட்டின் பெயர் மட்டும் 1860 வரை நிலைத்தது; அதற்குப்பின் இறந்தவர்களின் குழியைத் தேடுகிறவர்கள் லேயர் புத்தகங்களிடமே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது.