ஒரே கை, இரண்டு சீட்டு

தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் போக மற்ற நேரத்தில் சொந்தமாக கிளினிக் நடத்தலாம். இந்த ஏற்பாடு சரியா, தவறா என்பது தனி விவாதம். ஆனால் மருந்து கம்பெனிகள் மருத்துவரின் பேனாவை எப்படித் தம் பக்கம் இழுக்கின்றன என்று அறிய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு வாய்க்காது. மருத்துவர் ஒருவரே. படிப்பும் அனுபவமும் அதே. நோயாளிகளும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். காலையில் ஜி.எச்.சில் எழுதும் சீட்டும் மாலையில் கிளினிக்கில் எழுதும் சீட்டும்தான் வேறாக இருக்கின்றன.

ஐம்பது வயதுள்ள சர்க்கரை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜி.எச். சீட்டில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று மருந்தின் பெயரே இருக்கும். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, அவ்வளவுதான். அதே நோயாளி மாலையில் கிளினிக்குக்குப் போனால், அந்த இரண்டையும் மூன்றாவதாக ஒரு மருந்தையும் ஒன்றாய் அடைத்த கூட்டு மாத்திரை ஒரு பிராண்ட் பெயரில் எழுதப்படலாம். கூடவே ஒரு மல்டிவைட்டமின், வயிற்றெரிச்சலுக்கு ஒரு கேப்ஸ்யூல். எல்லா மருத்துவரும் இப்படி எழுதுவதில்லை. ஆனால் வீட்டிலுள்ள பழைய சீட்டுகளை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதாகத் தோன்றாது.

காலைச் சீட்டு ஏன் இவ்வளவு எளிமையாக இருக்கிறது? அதற்கான காரணம் 1994-இல் தொடங்குகிறது. அதுவரை சுகாதாரத் துறையின் பிரிவுகள் தனித்தனியே மருந்து வாங்கிவந்தன. அந்த ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, 1995 முதல் மாநிலம் முழுமைக்குமான கொள்முதலை ஏற்றது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று உண்டு. டெண்டர் அந்தப் பட்டியலுக்குத்தான், மருந்தின் மூலப்பெயரில்தான் (ஜெனரிக்). தகுதி ஆவணங்கள் ஒரு உறையிலும் விலை இன்னொரு உறையிலும் வரும். தகுதியில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். வந்து சேரும் மருந்து மாவட்டக் கிடங்கில் தனியே வைக்கப்படும். அதன் மாதிரிகள் தயாரிப்பாளரின் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். தேறிய பிறகே மருத்துவமனைக்கு வரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டியதை அது கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரிப்பில் அரசு முத்திரையும் விற்பனைக்கு அல்ல என்ற அச்சும் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் கம்பெனி விலையோடும் தரத்தோடும் கழகத்தின் முன் நின்றாக வேண்டும். ஓ.பி. அறையில் இருக்கும் மருத்துவரை மயக்கி அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் மெட்ஃபார்மின் என்று எழுதினால் எந்தக் கம்பெனியின் மெட்ஃபார்மின் நோயாளி கைக்குப் போகும் என்பது டெண்டரிலேயே முடிவாகிவிட்டது.

மாலையில் நிலைமை தலைகீழ். கிளினிக்கில் டோக்கன்கள் குறைந்துவரும் நேரத்தில், டை கட்டி, தோளில் பை மாட்டிய மெடிக்கல் ரெப்கள் வாசலில் காத்திருப்பார்கள். உள்ளே கிடைப்பது ஓரிரு நிமிடம். விஷுவல் எய்டைக் காட்டி, பிராண்ட் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லி, சாம்பிளை மேசையில் வைத்துவிட்டு வருவார்கள். வேலை அத்தோடு முடியாது. அடுத்துப் பக்கத்து மெடிக்கல்ஸ். “போன வாரம் நம்ம பிராண்ட் எத்தனை ஸ்ட்ரிப் போச்சு அண்ணே?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். எந்த மருத்துவர் எவ்வளவு எழுதுகிறார் என்ற கணக்கு இப்படித்தான் கம்பெனிக்குப் போகிறது. அதிகம் எழுதுபவருக்கு அதிகக் கவனிப்பு.

ரெப்களைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. மாத டார்கெட் அவர்கள் கழுத்தில் தொங்குகிறது. மருந்து விளம்பர நடத்தைக்குச் சட்ட வலு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனதே அவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்புதான். 2022-இல் நீதிமன்றம் அந்த மனு மீது மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

‘ஒரு பேனாவுக்கும் டைரிக்கும் நான் விலைபோவேனா?’ என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலோர் அதை உண்மையாகவே கேட்கிறார்கள். இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அங்கே கம்பெனிகள் மருத்துவருக்குக் கொடுப்பதை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2010-இல் சட்டம் வந்தது. 2014 முதல் அந்த விவரங்களை யாரும் பார்க்கலாம். அவற்றைக் கொண்டு ஏறத்தாழ 2,80,000 மருத்துவர்களின் சீட்டுகளை ஆராய்ந்த கட்டுரை 2016-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியானது. சராசரியாக 20 டாலருக்கும் குறைந்த ஒரே ஒரு சாப்பாட்டை ஏற்றவர்கள்கூட, அந்தக் கம்பெனி முன்னிறுத்திய பிராண்டை மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மட்டும் காட்டியது.

இங்கே அப்படியொரு பொதுப் பட்டியல் இல்லை. வருமான வரி வழக்கு ஒன்றின் வழியாகத்தான் நமக்கு ஒரு காட்சி கிடைத்தது. சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ், தனது ஜிங்கோவிட் சத்து மாத்திரையை முன்னிறுத்த மருத்துவர்களுக்குச் செய்த செலவுக்கு வரிவிலக்கு கேட்டது. தொகை 4.72 கோடி ரூபாய்க்கு மேல். பட்டியலில் மாநாட்டுக் கட்டணம், தங்கக் காசு, எல்.சி.டி. டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் இருந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விலக்கு கிடையாது என்று தீர்ப்பளித்தது. இந்த இலவசங்களின் செலவு மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

கூட்டு மாத்திரைகளின் பெருக்கமும் இந்தப் போட்டியோடு சேர்ந்தது. ஒரே மருந்தை நூறு கம்பெனிகள் விற்கும்போது, வித்தியாசம் காட்ட இன்னொரு மருந்தைச் சேர்ப்பது எளிய வழி. நோயாளிக்கு அவசியமில்லாத, ஆபத்தாகவும் முடியக்கூடிய கலவைகள் என்று மத்திய அரசு 2016-இல் 344, 2018-இல் 328, 2024-இல் 156 வகைகளைத் தடை செய்தது. தடை வரும்வரை அவற்றையும் யாரோ சீட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

காலை ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. சில மருந்துகள் சில நேரம் தீர்ந்துபோகும். பட்டியலில் இல்லாத மருந்துக்கு ‘வெளியே வாங்கிக்கோங்க’ என்று சீட்டு வரும். அந்த வெளிச்சீட்டில் பிராண்ட் மீண்டும் நுழைந்துவிடும். மருத்துவரிடம் செல்லாத அழுத்தம் டெண்டர் பக்கம் திரும்பவும் கூடும் என்பதால் கழகத்தின் மீது கண்காணிப்பு தளரக் கூடாது. ‘கவர்மென்ட் மாத்திரை கேட்காது’ என்ற நம்பிக்கையும் மக்களிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் தனியார் கடையில் வாங்கும் ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு தொகுதியையும் விற்குமுன் பெயர் மறைத்து மறுபரிசோதனை செய்பவர் யார்? அந்தக் கூடுதல் சோதனை அரசு மாத்திரைக்கு நடக்கிறது. கழகத்தின் இதே முறையைப் பின்பற்றித்தான் ராஜஸ்தான் 2011-இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது.

மாலைப் பக்கத்தைச் சரிசெய்ய முயற்சி நடக்காமல் இல்லை. கம்பெனியிடம் பரிசோ பயணமோ வாங்கக் கூடாது என்று 2009-லேயே மருத்துவர்களுக்கான நெறிமுறையில் விதி சேர்க்கப்பட்டது. கம்பெனிகளுக்கான நடத்தை விதித்தொகுப்பு 2024 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டது. இலவச சாம்பிள் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒன்று. ஆனால் புகாரை விசாரிப்பது கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் குழு. மருத்துவர்கள் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-இல் கொண்டுவந்த விதிமுறை, மூன்று வாரத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. எல்லா ஜெனரிக் மருந்தும் தரமானது என்று யார் உறுதி சொல்வது என்பது மருத்துவர் சங்கத்தின் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கான விடையையும் கழகத்தின் கிடங்கிலேயே பார்க்கலாம்: மருத்துவமனைக்கு அனுப்புமுன் சோதனை, தவறினால் தடைப்பட்டியல்.

இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மருத்துவரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது என்று புலப்படுகிறது. காலையில் நேர்மையாக எழுதும் அதே மனிதர்தான் மாலையிலும் எழுதுகிறார். மாறுவது கம்பெனி தட்டும் கதவு. எந்தத் தயாரிப்பு என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர் பேனாவில் இருக்கும்வரை, அந்தப் பேனாவைத் தேடி ஆள் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. குறைந்த விலையில் ஜெனரிக் மருந்து அங்கே கிடைக்கிறது. ஆனால் சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால், அதே மருந்தை வேறு பெயரில் மாற்றித் தர மருந்தாளுநருக்கு விதி இடம் தருவதில்லை. கடை திறந்தால் மட்டும் போதாது, சீட்டும் மாற வேண்டும். கம்பெனி யாருக்கு என்ன கொடுத்தது என்ற பட்டியல் இங்கேயும் பொதுவெளிக்கு வர வேண்டும். நடத்தை விதிக்குச் சட்ட வலு வேண்டும். அதுவரை நம்மால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த முறை கிளினிக்கில் சீட்டு வாங்கும்போது, ‘டாக்டர், பிராண்டுக்குப் பக்கத்தில் மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்க’ என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.