நைட்ரோ பந்தயப் படகு: புது இன்ஜினை முதல் நாளே முறுக்கினால் என்ன ஆகும்?

ரிமோட்டில் ஓடும் நைட்ரோ படகு பார்க்க பொம்மை மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது நிஜமான டூ ஸ்ட்ரோக் இன்ஜின். இதற்கு பெட்ரோல் ஊற்றக்கூடாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் கலந்த எரிபொருள்தான்.

தனியாக ஆயில் டேங்க் கிடையாது என்பதுதான் இங்கே விஷயமே. எரிபொருளோடு வரும் ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. கார்புரேட்டர் ஊசியை இறுக்கினால் வேகம் கூடும். ஆனால் எரிபொருளோடு ஆயிலும் குறையும். புது இன்ஜினில் இதைச் செய்தால் கதை முடிந்தது.

பெரும்பாலான நைட்ரோ இன்ஜின்களில் சிலிண்டரின் மேற்பகுதி வேண்டுமென்றே சற்று குறுகலாக இருக்கும். அதனால் புதிதில் பிஸ்டன் மேலே வரும்போது இறுக்கிப் பிடிக்கும். பழுதோ என்று பயப்பட வேண்டாம், சூடானதும் சிலிண்டர் விரிந்து வழிவிடும். முதல் சில டேங்குகளுக்கு ஊசியைக் கொஞ்சம் தளர்த்தி, புகை நன்றாக வரும்படி ஓட்டி, ஆறவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். ரொம்பத் தளர்த்தி ஜில்லென்று ஓட்டுவதும் தப்பு. சிலிண்டர் விரியாமல் பிஸ்டன் தேயும்.

கரையில் ஸ்டாண்டில் வைத்து முறுக்கலாமா? கூடாது. ப்ரொப்பல்லருக்கு தண்ணீரின் எதிர்ப்பு இல்லாமல் இன்ஜின் எகிறிவிடும். கூலிங் தண்ணீரும் படகு ஓடும்போதுதான் ஏறும்.

மெத்தனால் விஷம். குடித்தால் பார்வை போகும், உயிரும் போகலாம். தீப்பிடித்தால் பகலில் ஜுவாலை கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகள் கையில் கேனைக் கொடுக்காதீர்கள்.

காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் மூடியை உடனே மூடுங்கள். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜினுக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றி வையுங்கள்; இல்லையென்றால் பேரிங் துருப்பிடிக்கும்.