சுழிய வோல்ட்டின் வரலாறு

மின்னணுவியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சில்லுகளையும் அவற்றை வடிவமைத்தோரையும் பேசுகின்றனர். அச்சில்லுகள் அமர்ந்த பலகையின் செப்புத் தளத்தைப் பேசுவதில்லை. அனலாக் சுற்றுகளைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அன்று.

நேர், எதிர் என இரு மின்வழங்கல்களும் அவற்றின் நடுவே சுழிய வோல்ட்டும் கொண்ட அமைப்பு, அனலாக் கணினிகளுக்கு இன்றியமையாததாயிற்று. அங்கே மின்னழுத்தம் ஒரு கணித மாறியின் மதிப்பு. மாறி எதிர்க்குறியும் ஏற்க வேண்டுமெனில் சுழியத்தின் இருபுறமும் இடம் வேண்டும். 1950களின் தொடக்கத்தில் ஃபில்பிரிக் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ என்னும் வெற்றிடக் குழாய்ப் பெருக்கி ±300 வோல்ட்டில் இயங்கியது. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்த 709 (1965), டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741 (1968) ஆகிய சில்லுகளின் காலத்தில் ±15 வோல்ட் வழக்காயிற்று. வியப்பு என்னவெனில், 741இன் கால்களில் கிரவுண்டுக்கென ஒன்றுகூட இல்லை. சுழியம் எது என்பதைச் சில்லு அறியாது, பலகையே தீர்மானிக்கிறது.

குழாய்க் காலத்தில் அச்சுழியம் கனத்த உலோகச் சேசிஸாக இருந்தது. அச்சுப் பலகையில் அது மெல்லிய செப்புக் கோடாகச் சுருங்கியது. 35 மைக்ரோமீட்டர் தடிப்பும் 0.25 மி.மீ. அகலமும் உள்ள கோடு, 5 செ.மீ. நீளத்தில் ஏறத்தாழ 0.1 ஓம் மின்தடை தரும். அதில் 10 மில்லிஆம்பியர் ஓடினால் சுழியம் 1 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். 10 வோல்ட் வீச்சை 16 பிட்டாகப் பகுக்கும் மாற்றியில் அது ஆறு படிகளுக்கும் மேலான பிழை. எல்லா மீள்வழிகளையும் ஒரே புள்ளியில் சேர்க்கும் விண்மீன் முறை இவ்வச்சத்துக்கான மருந்து. தாழ் அலைவெண்களில் அதற்கு இன்றும் இடமுண்டு.

பிழை அடுத்த கட்டத்தில் நேர்ந்தது. மாற்றிச் சில்லுகளில் அனலாக் கிரவுண்டு, டிஜிட்டல் கிரவுண்டு எனத் தனித்தனிக் கால்கள் தோன்றியதும், பலகையின் கிரவுண்டு தளத்தையே இரண்டாக அறுக்கும் வழக்கம் பரவியது. அப்பெயர்கள் குறித்தவை சில்லின் உள் இணைப்புகளையே. உயர் அலைவெண்ணில் மீள்மின்னோட்டம் சமிக்ஞைக் கோட்டுக்கு நேர் கீழே, தூண்டம் குறைந்த வழியில் திரும்ப முயலும். கோடு அந்த வெட்டைக் கடந்தால் மின்னோட்டம் சுற்றிவர நேரும்; விரிந்த அவ்வளையம் ஆன்டெனாவாகிவிடும். இரைச்சல் குறைப்பு குறித்து 1976இல் நூல் எழுதிய பெல் ஆய்வகப் பொறியாளர் ஹென்றி ஓட், 2001இல் இதனை வெளிப்படையாக மறுத்தார்: தளம் முழுமையாக இருக்கட்டும், உறுப்புகளையும் கோடுகளையும் மட்டும் பகுதி பிரித்து வைக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு.

இரட்டை வழங்கலில் சிக்கல் இன்னொரு மடங்கு. நான்கு அடுக்குப் பலகையின் மின்வழங்கல் அடுக்கை +15, −15 எனப் பிரித்தால், அதனை ஒட்டிய கோடுகளுக்கு அப்பிரிவே மற்றொரு வெட்டு. ஆகவே உள்ளிரு அடுக்குகளையும் கிரவுண்டுக்கே விட்டு, வழங்கல்களை அகன்ற செப்புப் பட்டைகளாகக் கொண்டுசெல்வது பலர் தேர்வு. இரு வழங்கல்களின் மின்னோட்டங்களும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் சுழியத்தில் எதுவும் ஓடாது என்ற நம்பிக்கையும் பாதி உண்மையே. சுழியத்துடன் இணைந்த சுமைக்கு, நேர் அரையலையில் ஒரு வழங்கலும் எதிர் அரையலையில் மற்றதும் மின்னோட்டம் தருகின்றன. இரண்டும் திரும்புவது சுழியத்தின் வழியேதான். இரு வழங்கல்களின் மின்தேக்கிகளும் சுமையின் மீள்முனையருகே ஒரே இடத்தில் கிரவுண்டைத் தொட்டால் அவ்வரையலைகள் அங்கேயே இணைந்து முழுமையாகும். உள்ளீட்டருகே தொட்டால் உருக்குலைந்த அலைகள் சமிக்ஞையில் கலக்கும்.

தரவுத்தாள்களில் அவ்விரு கிரவுண்டுப் பெயர்களும் இன்றும் அச்சாகின்றன. தளத்தை அறுப்போரும் இன்றும் உளர்.