நாடியைக் கேட்டு ஓடியவர்கள்

1939ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள். இத்தாலியின் மிலான் நகரில் 800 மீட்டர் ஓட்டப் பந்தயம். உள்நாட்டு வீரர் மாரியோ லான்சி முன்னே ஓடுகிறார். அவரை ஒட்டியே தொடர்ந்து வந்த ஜெர்மானியர் ருடால்ஃப் ஹார்பிக், கடைசிக் கட்டத்தில் முந்திச் சென்று 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓட்டத்தை முடிக்கிறார். பழைய உலகச் சாதனையைவிட 1.8 வினாடி குறைவு! பத்தில் ஒரு வினாடியைக் குறைப்பதற்கே ஆண்டுக்கணக்கில் பாடுபடும் துறையில் இது சிறிய செய்தியன்று. 1955இல் பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ் முறியடிக்கும்வரை, 16 ஆண்டுகள் அச்சாதனை நின்றது. அதைக் காண ஹார்பிக் உயிருடன் இல்லை. 1944இல் போர்முனையில் அவர் மாண்டார்; அப்போது அவருக்கு வயது 30.

ஹார்பிக்கின் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர். நெடுந்தூரத்தை ஒரே மூச்சில் ஓடாமல் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விரைந்து ஓடுவது, சற்று ஓய்வது, மீண்டும் ஓடுவது என்பது அவர் வகுத்த முறை. இடைவெளிப் பயிற்சி என்று இதனைச் சொல்வர். இதில் ஓடும் வேகத்தைக் கடிகாரத்தால் அளந்துவிடலாம். ஓய்வு எவ்வளவு நேரம் என்பதை எதைக் கொண்டு அளப்பது?

நாடியைக் கொண்டு என்றார் கெர்ஷ்லர். ஃப்ரைபர்க் நகரின் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலுடன் சேர்ந்து அவர் இதற்கு ஒரு விதி கண்டார். ஓட்டத்தின்போது துடிப்பு நிமிடத்திற்கு 180 அளவுக்கு உயரலாம். பிறகு அது 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். ஒன்றரை நிமிடத்திற்குள் இறங்கவில்லையா? வேகமோ தூரமோ அந்த வீரருக்கு மிகுதி என்று பொருள். ஓய்வுவேளையில்தான் இதயம் வலுப்பெறுகிறது என்று இருவரும் நம்பினர். பின்வந்த ஆய்வாளர்கள் அதை முழுமையாக ஏற்கவில்லை. கடுமையான ஓட்டத்திற்கும் அதில் பங்குண்டு என்றனர். ஆனால், வீரரின் உடலையே கேட்டு ஓய்வை முடிவு செய்யும் வழக்கம் நிலைத்துவிட்டது. கெர்ஷ்லரிடம் பயின்ற லக்சம்பர்க் வீரர் ஜோசி பார்த்தெல் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார்.

அதே பின்லாந்தில், 1957இல் மார்ட்டி கார்வோனென் என்பவரும் அவருடைய தோழர்களும் சில இளைஞர்களை நகரும் பட்டைமீது வாரக்கணக்கில் ஓடவிட்டு ஆராய்ந்தனர். அமைதியாக இருக்கும்போதுள்ள துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடைப்பட்ட எல்லையில், ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டி உழைத்தால்தான் அவ்விளைஞர்களிடம் பயிற்சியின் பயன் தெரிந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவரின் உச்சம் 200, அமைதித் துடிப்பு 70. இடைவெளி 130, அதில் 60 விழுக்காடு 78. எழுபதுடன் கூட்டினால் 148. அமைதித் துடிப்பு 50 உள்ள இன்னொருவருக்கோ 140தான் வரும். ஆளுக்கு ஆள் எண் மாறுவதைக் கவனியுங்கள்.

இதில் உச்சத் துடிப்பை எப்படி அறிவது? 220இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும் என்னும் வாய்பாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதன் பிறப்பு வேடிக்கையானது. 1970ஐ ஒட்டி அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கெலும், பிறர் வெளியிட்டிருந்த அளவுகளைத் திரட்டி வரைபடத்தில் புள்ளியிட்டபோது கண்ணில்பட்ட தோராயமான கோடு அது. தனியே சோதனை நடத்திப் பெற்றதன்று. ஆயினும் சுலபமாக மனத்தில் நின்றதால் பாடநூல்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் விதியாகவே குடியேறிவிட்டது. 2001இல் ஹிரோஃபுமி தனாக்கா குழுவினர் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பதே பொருந்தும் என்றனர். அதுவும் சராசரிதான். ஒரே வயதுடைய இருவரின் உச்சம் 20 துடிப்பு வேறுபடுவது அரிதன்று. வாய்பாட்டை மட்டும் நம்பினால், ஒருவர் தேவையின்றி மூச்சிரைப்பார். இன்னொருவர் போதிய உழைப்பின்றி ஓடிக்கொண்டிருப்பார்.

கையால் நாடி பார்ப்பதிலும் ஓர் இடையூறு உண்டு. நின்றால்தான் எண்ண முடியும். நின்றதும் துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்குவர். ஒரு துடிப்பைத் தவறவிட்டால் கணக்கில் ஆறு குறையும்! இக்குறையைப் போக்கியவரும் பின்லாந்துக்காரரே. ஊலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சாய்னயாகாங்கஸ் 1977இல் போலார் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்பில் கட்டிய பட்டை இதயத்தின் மின்துடிப்பை உணர்ந்து, கம்பியின்றி மணிக்கட்டுக் கருவிக்கு அனுப்பும் அமைப்பு 1982இல் அங்கிருந்து விற்பனைக்கு வந்தது. இன்றைய கைக்கடிகாரங்கள் பலவும் தோலினுள் ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைக் கொண்டு துடிப்பை அறிகின்றன. கை குலுங்கினால் இவை சில வேளை தவறும்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கருவி கட்டாயமில்லை. காலையில் விழித்ததும், எழுவதற்கு முன் நாடியை எண்ணிக் குறித்து வரலாம். வழக்கத்தைவிட அது கூடியிருந்தால் களைப்போ காய்ச்சலோ காரணமாகலாம். அன்று மெதுவாக ஓடலாம். முதல் வாரங்களில் உடன் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகிற வேகமே போதும். நெஞ்சுவலி, மயக்கம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், வேகம் கூடாமலே துடிப்பு ஏறும். தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் ஓட வேண்டியிருக்கிறதல்லவா? ஆகவே நண்பகல் எண்ணை விடியற்காலை எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அதே பாதை, அதே வேகம், அதே விடியற்காலை என்று வைத்துக்கொண்டு சில வாரம் குறித்து வந்தால், ஓடி முடித்ததும் எண்ணும் துடிப்பு சிறுகச் சிறுகக் குறைவதைக் குறிப்பேட்டிலேயே காணலாம்.