செஞ்சிக் கோட்டை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையில் அமைந்த மலைக்கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் அவற்றின் இடையிலுள்ள சமவெளியையும் மதில் முக்கோணமாக வளைத்திருக்கிறது. சாலையே மதிலை ஊடறுத்துச் செல்வதால், பேருந்தில் போகிறவர்களும் கோட்டைக்குள் புகுந்துதான் வெளியேறுகிறார்கள்.

13ஆம் நூற்றாண்டை ஒட்டி, ஆனந்தக் கோன் என்னும் இடையர் குலத் தலைவன் இங்கே முதல் அரணை எழுப்பியதாக மரபு சொல்கிறது. அந்தச் சிறு அரணைப் பெருங்கோட்டையாக வளர்த்தவர்கள் விஜயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள். வளைவுக் கூரை கொண்ட நெற்களஞ்சியங்கள், குளங்கள், அடுக்கடுக்காக உயரும் கல்யாண மகால், வெங்கடரமணர் கோயில் எனப் பார்வையாளர் இன்று வியந்து நிற்பவற்றில் பெரும்பகுதி அவர்கள் காலத்தவை. 1597இல் இங்கு வந்த பிமெந்தா என்ற இயேசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலின் எந்த நகரையும்விடச் செஞ்சி பெரியது என்று எழுதினார்.

கோட்டையின் வலிமை ராஜகிரியில் தெரியும். சுமார் 240 மீட்டர் உயரமுள்ள இக்குன்றில் படியேறும் வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கிறது; இன்றும் வழிபாடு நடக்கிறது. உச்சியை நெருங்கும்போது பாறை திடீரெனப் பிளந்து ஆழமான பள்ளம் குறுக்கிடுகிறது. அதைக் கடக்க ஒரு சிறு பாலம் மட்டுமே. பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஒரு சில வீரர்களே பெரும்படையைத் தடுத்துவிடலாம். உச்சியில் களஞ்சியமும் ரங்கநாதர் கோயிலும் உள்ளன.

இத்தனை இருந்தும் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1649இல் பீஜப்பூர் சுல்தானிடம் வீழ்ந்தது. 1677இல் சிவாஜி இதை வசப்படுத்தி, புதிய மதில் எழுப்பி அகழியை அகலப்படுத்தினார். அந்த வேலைதான் அவர் மகன் ராஜாராமைக் காத்தது. முகலாயர் துரத்த, 1689இல் ராஜாராம் இங்கே வந்து சேர்ந்தார். மராத்திய அரசின் தலைநகரம் செஞ்சி ஆயிற்று. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் தலைமையில் 1690இல் தொடங்கிய முற்றுகை ஏறத்தாழ எட்டு ஆண்டு நீண்டது. 1698இல் கோட்டை விழும் முன்பே ராஜாராம் தப்பிவிட்டார்.

அவுரங்கசீப் இக்கோட்டையை புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கிடம் ஒப்படைத்தார். அவருடைய மகன் தேஜ் சிங்கே தமிழ் மக்களின் தேசிங்கு ராஜன். ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714 அக்டோபரில் சிறு படையுடன் மோதி இளம் வயதில் மாண்டார். ஓராண்டுகூட முழுதாக ஆளாத அவரையும், நீலவேணிக் குதிரையையும், தோழன் மோவுத்துக்காரனையும் கதைப்பாடல் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தது. செஞ்சி என்றதும் நாயக்கர் பெயர் நினைவுக்கு வராமல் தேசிங்கின் பெயர் வருவது அந்தப் பாடலின் வெற்றி.

1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்தார். புதுச்சேரி வீழ்ந்த 1761ஆம் ஆண்டிலேயே இது ஆங்கிலேயர் வசமானது. 1780இல் ஹைதர் அலியின் படை சிறிது காலம் வைத்திருந்தது. அதன்பின் போர்முக்கியத்துவம் போனது, ஆட்களும் போனார்கள். வெங்கடரமணர் கோயிலின் கருங்கல் தூண்கள் புதுச்சேரிக்குச் சென்றன. அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்களே.

இன்று கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. தகுதியான பெருமைதான். ஆனால் மராத்தியர் கையில் இது இருந்தது ஏறக்குறைய இருபதே ஆண்டுகள். கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் கட்டிய நாயக்கர்களின் வரலாற்றை, வருகிறவர்கள் நின்று படிக்கும்படி தமிழில் விரிவாக அங்கே எழுதி வைக்க வேண்டும்.